ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூன்று பேரும் ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுந்துகொண்டு சௌக்கியமாகவே இருக்கிறோம். உன் காது இப்போது தேவலையா? போன வாரம் போனில் நான் போட்ட கத்தலுக்குத் தெருவே எட்டிப் பார்த்தது, உனக்கு மட்டும் ஒன்றும் எட்டவில்லை. அதனால்தான் கத்திரிக்கோலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். என் தையல் கடைக்கு எதிரில் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்று திறந்திருக்கிறார்கள். அதன் முதலாளி கோட்டு தைக்க வந்தார். நான் குனிந்து அளவெடுப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்துவிட்டு, "மாஸ்டர், உங்களுக்கும் ஒரு அளவு எடுத்துடலாமா?" என்று ஊசியோடு வந்துவிட்டார். கொலஸ்ட்ரால் இருநூற்று எழுபதைத் தாண்டி நிற்கிறதாம். சீட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். "மூணு மாசம் எண்ணெய் விஷயத்துல கவனமா இருங்க. அப்புறம் இன்னொரு தடவை ரத்தம் குடுத்து, ரிப்போர்ட்டோட என்னை வந்து பாருங்க. குறையலைன்னா மாத்திரைதான், ஆயுசுக்கும்" என்றார்.

மாத்திரைக்கு நான் பயப்படவில்லை. அப்பா ஐம்பத்திரண்டில் போனார். வருகிற செப்டம்பரில் எனக்கும் ஐம்பத்திரண்டு. இதை என் வீட்டுக்காரியிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அவளும் கணக்குப் போட்டுவிட்டாள் என்பது முகத்திலேயே தெரிகிறது.

இப்போது எங்கள் சமையலறையில் எண்ணெய்க் கண்காட்சி நடக்கிறது. பக்கத்து வீட்டு அம்மா சூரியகாந்தி என்கிறார். மளிகைக் கடைக்காரர் எது விற்காமல் தேங்கிக் கிடக்கிறதோ அதுதான் இதயத்துக்கு நல்லது என்கிறார். நம் வாலு, அப்பாவுக்கு வைத்தியம் பார்க்கிறேன் என்று போனைப் பார்த்துக்கொண்டு, ஒரு நாள் தேங்காய் எண்ணெய் அமிர்தம் என்கிறாள், மறுநாள் அதே விஷம் என்கிறாள். நீ பிஸ்கட் கம்பெனியில் எண்ணெயை முகர்ந்து பார்த்தே சம்பளம் வாங்குகிறவள். தினமும் சமைக்க உடம்புக்கு ஆகிற ஒரே ஒரு எண்ணெயைச் சொல். நீ சொன்னால் மறுபேச்சு இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். காதுக்குச் சொட்டு மருந்தை விடாதே.

உன் தம்பி

*

ஜனவரி 17

அன்புள்ள குண்டுவுக்கு,

உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன். நான் நன்றாக இருக்கிறேன், காது மட்டும்தான் ஓய்வு கேட்கிறது. உன் பெண்டாட்டியையும் வாலுவையும் கேட்டதாகச் சொல்.

அப்பா போன அன்று அம்மா உருளைக்கிழங்கு பொரித்துக்கொண்டிருந்தாள். அவர் தட்டின் மேல் சாய்ந்ததும் எல்லோரும் அங்கே ஓடினோம், சட்டியைப் பார்க்க ஆளில்லை. வீடு முழுக்கக் கருகல் வாசனை. உனக்கு அப்போது பத்து வயது, ஞாபகம் இருக்காது. எனக்கு அந்த வாசனை இன்னும் மூக்கிலேயே இருக்கிறது. உன்னையும் அப்படித் தூக்கிக்கொடுக்க நான் தயாராக இல்லை. புரிந்ததா?

இனி கேள். அதிசய எண்ணெய் என்று ஒன்று கிடையாது. அப்படிச் சொல்கிறவன் அதை விற்கிறவன். கெட்டியாக உறைகிற கொழுப்பைக் குறை, ஓடுகிற எண்ணெயை அளந்து ஊற்று, புகைய விடாதே, பொரித்ததை மறுபடி பாட்டிலில் ஊற்றி வைக்காதே. அவ்வளவுதான் சாஸ்திரம். நீங்கள் தினமும் அடுப்பைப் பெரிதாக வைத்துச் சமைக்கிறவர்கள், அதனால் சூடு தாங்குகிற கடலை எண்ணெய் போதும். பாமாயில் டின்னை இன்றைக்கே யாருக்காவது கொடுத்துவிடு.

இன்னொன்று. எங்கள் பரிசோதனை அறையில் ஒரு சட்டம் உண்டு: ஒரு தடவைக்கு ஒரு மாற்றம். மாவையும் எண்ணெயையும் அடுப்பையும் ஒரே நாளில் மாற்றினால், பிஸ்கட் ஏன் நொறுங்கியது என்று கடவுளுக்கும் தெரியாது. ஆகவே எண்ணெயை மட்டும் மாற்று. நடக்கப் போகிறேன், பட்டினி கிடக்கிறேன், கசாயம் குடிக்கிறேன் என்று எதையும் கூடவே ஆரம்பிக்காதே. மூன்று மாதம் கழித்து ரத்தம் கொடுத்து, சீட்டை எனக்கு அனுப்பு.

ஒரு கரண்டிகூட அதிகம் போகக் கூடாது. உன் பெண்டாட்டி கை தாராளம், எனக்குத் தெரியும்.

அன்புடன்,
அக்கா

*

பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன் ஊரில் குளிர் விட்டதா? நான் அனுப்பிய கம்பளிக் கோட்டின் கை நீளம் சரியாக இருக்கிறதா என்று நீ எழுதவே இல்லை. தைத்தவனுக்கு அது முக்கியம்.

உன் உத்தரவு அப்படியே நடக்கிறது. நகைக்கடையில் பொன் நிறுக்கிற மாதிரி இவள் எண்ணெயை அளக்கிறாள். முட்டை சட்டியில் ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்கிறது. "உங்க அக்கா வந்து சுரண்டட்டும்" என்கிறாள். நான் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன்.

ஆனால் பலன் தெரிகிறது அக்கா! இடுப்பு ஒன்றரை அங்குலம் குறைந்துவிட்டது. என் கால்சட்டையை நானே பிரித்துப் பிடித்துத் தைத்தேன். கடைக்கு வருகிறவர்கள் எல்லாம், "மாஸ்டர் இளைச்சுட்டீங்களே, என்ன ரகசியம்?" என்கிறார்கள். எங்கள் அக்கா ஒரு எண்ணெய் விஞ்ஞானி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒரே ஒரு தொந்தரவு. முன்னேபோல் சாப்பிட முடியவில்லை. பாதித் தட்டிலேயே போதும் போதும் என்று வந்துவிடுகிறது, பொரித்த வாசனையே குமட்டுகிறது. பள்ளிச் சீருடை ஆர்டர் வேறு மலைபோலக் கிடப்பதால் முதுகும் வலிக்கிறது. வேடிக்கை என்னவென்றால், நிமிர்ந்து உட்கார்ந்தால் வலிக்கிறது, மிஷின் மேல் குனிந்தால் குறைகிறது. தொழில் என்னை விட மாட்டேன் என்கிறது போலிருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் தம்பி

*

பிப்ரவரி 20

அன்புள்ள குண்டுவுக்கு (இனி இந்தப் பெயரை எப்படி எழுதுவது?),

கோட்டின் கை கச்சிதம். குளிர் விட்டுவிட்டது. நான் சுகம்.

உன் கடிதத்தைப் பரிசோதனை அறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். ஒன்றரை அங்குலம்! மேலாளர்கூடத் தன் வயிற்றைத் தடவிக்கொண்டு எந்த எண்ணெய் என்று கேட்டார்.

குமட்டலுக்குப் பயப்படாதே. நாக்கு பழைய ருசியை விடும்போது அப்படித்தான் முரண்டு பிடிக்கும். இங்கே புதிய சேர்மானம் வந்தால் ருசி பார்க்கிற பெண்களும் முதலில் முகத்தைச் சுளிப்பார்கள், போகப் போகச் சரியாகிவிடும். கடலை எண்ணெய்க்கு வாசனை கொஞ்சம் தூக்கல், அதுதான் உன்னை உறுத்துகிறது. சூரியகாந்திக்கு மாறு, அதில் வாசனையே இருக்காது. அடுப்பை மட்டும் அடக்கி வைக்கச் சொல்.

குறைவாகச் சாப்பிடுவது நல்லதுதானே? சின்ன வயதில் என் தட்டிலிருந்தும் எடுத்துத் தின்றவன் நீ. முதுகுக்கு ஒரு நல்ல நாற்காலி வாங்கு. வலி மாத்திரை எதையும் போட்டு வைக்காதே, அது ரத்த முடிவில் கலந்து குழப்பும். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்!

அன்புடன்,
அக்கா

*

ஏப்ரல் 15

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் போடத் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. வேலை முடிந்தால் படுக்கத்தான் தோன்றுகிறது. நீ எப்படி இருக்கிறாய்? கண்ணாடி மாற்ற வேண்டும் என்றாயே, மாற்றினாயா?

சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். நீயே பார். நூற்று அறுபது! பரிசோதனை நிலையத்து முதலாளி, சீட்டை மாற்றிக் கொடுத்துவிட்டோமோ என்று இரண்டு தடவை பெயரைச் சரிபார்த்தார். சீட்டை வாங்கியதும் எதிர்ப்புறம் என் கடைக் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிழைத்துவிட்டோம் என்று தோன்றியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, தெருவில் நின்று அழுதுவிட்டேன்.

கால்சட்டையை இரண்டாம் தடவையும் பிடித்தாயிற்று. இனிப் பிடிக்கத் துணி இல்லை, புதிதாகத்தான் வெட்ட வேண்டும். சூரியகாந்தியும் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தாளிக்கிற சத்தம் கேட்டாலே எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன். கஞ்சியும் ரொட்டியுமாக ஓடுகிறது.

இவள் டாக்டரிடம் போகச் சொல்லி நச்சரிக்கிறாள். "ரிப்போர்ட்டோட வரச் சொன்னார்ல?" என்கிறாள். ரிப்போர்ட்தான் இவ்வளவு நன்றாக இருக்கிறதே, அதைக் காட்டி என்ன ஆகப்போகிறது என்றேன். "ரிப்போர்ட்டைப் பார்க்காதீங்க, உங்க மூஞ்சியைப் பாருங்க" என்கிறாள். நீ என்ன சொல்கிறாய்?

உன் தம்பி

*

ஏப்ரல் 22

அன்புள்ள குண்டுவுக்கு,

நான் ரொம்ப நன்றாக இருக்கிறேன். இவ்வளவு நன்றாக இருந்து எத்தனையோ வருஷமாயிற்று. புதுக் கண்ணாடி வந்துவிட்டது, அதைப் போட்டுக்கொண்டு நான் முதலில் படித்தது உன் சீட்டைத்தான்.

நகல் எடுத்து எங்கள் அறைப் பலகையில் குத்தி வைத்திருக்கிறேன். இங்கே லாரியில் வந்து இறங்குகிற எண்ணெய்க்குப் போடுகிற மாதிரி பச்சை மையில் 'தேறியது' என்று முத்திரையும் போட்டேன். எல்லோருக்கும் தேநீர் என் செலவில். அப்பாவைக் கொண்டுபோன வயதை நீ தாண்டுவாய், எனக்கு இனிச் சந்தேகமே இல்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு நானும் அழுதேன். நீ தெருவில் அழுதாய், நான் மரியாதையாக உள்ளே அழுதேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

டாக்டரிடம் இப்போது எதற்கு? போனால் சும்மா அனுப்ப மாட்டார், வந்ததற்கு ஒரு மாத்திரை எழுதுவார். அப்புறம் குறைந்தது எண்ணெயாலா மாத்திரையாலா என்று நமக்குத் தெரியாமல் போய்விடும். இன்னும் ஒரு மூன்று மாதம் இப்படியே ஓட்டு. உன் பெண்டாட்டிக்கு நீ உருண்டையாக இருந்தால்தான் கண்ணுக்கு நிறைவு. கஞ்சிக்கும் ரொட்டிக்கும் எண்ணெய் சுத்தமாக இல்லாமலும் கூடாது. நல்ல ஆலிவ் எண்ணெய் ஒரு பாட்டில் பார்சலில் அனுப்புகிறேன். பச்சையாகவே ஒரு கரண்டி ஊற்றிக்கொள், வாசனை பிடித்துப்போகும்.

எடை எவ்வளவு என்று எழுது, பலகையில் குறிக்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா

*

ஜூன் 11

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

வணக்கம். நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் ஏப்ரல் கடிதமும், பதில் ஏன் வரவில்லை என்று கேட்டு எழுதிய அட்டையும், பார்சலும் வந்து சேர்ந்தன. பாட்டில் உடையாமல் வந்தது. இன்னும் திறக்கவில்லை.

அவருக்கு வேலை அதிகம், அதனால்தான் எழுதவில்லை. எடையைக் கேட்டிருந்தீர்கள். வீட்டில் இருந்த அளவு டேப்பை நான் எடுத்து ஒளித்து வைத்திருக்கிறேன். அவர் தினமும் கண்ணாடி முன்னால் நின்று தன்னையே அளந்துகொண்டிருந்தார், எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

நாளை மறுநாள் ஒரு இடத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. போய்வந்த பிறகு அவரே எழுதுவார். வாலு உங்களை விசாரித்தாள்.

இப்படிக்கு,
தம்பி மனைவி

*

ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய்? வேலைக்கு நடுவில் உறையைப் பிரித்திருந்தால் இப்போதே மடித்து வைத்துவிடு. வீட்டுக்குப் போய் உட்கார்ந்து படி.

இடுப்பு குறைந்தபோது நான் சந்தோஷப்பட்டேன். ஜூன் தொடக்கத்தில் எனக்கே ஒரு சட்டை வெட்டலாம் என்று அளவெடுத்தேன். தோளும் மேல்கையும் போயிருந்தன. கைத்துணி சாக்கு மாதிரி தொங்கியது. இவ்வளவு காலமாக ஊரையே அளக்கிறேன் அக்கா. தொந்தி வரும், போகும், அது பெரிய விஷயமில்லை. தோள் இப்படிப் போன ஆட்கள் அடுத்த சட்டைக்கு அளவு கொடுக்க என் கடைக்கு வந்ததில்லை. அது தெரிந்தும் ஒரு வாரம் வாயைத் திறக்கவில்லை. இவள்தான் இழுத்துக்கொண்டு போனாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். கணையத்தில் கட்டியாம். ஈரலுக்கும் பரவிவிட்டது. எண்ணெய் ஒத்துக்கொள்ளாமல் போனது அதனால்தான். தின்ற கொழுப்பு உடம்பில் சேராமலே போய்க்கொண்டிருந்ததாம், ரத்தத்தில் அது குறைந்ததற்கும் அதுவே காரணமாம். முதுகு வலியும் அதுதான். நான் பாவம் அந்த மிஷினைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் ஏப்ரல் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்பவே ஏன் வரலை?" என்றார். "ரிப்போர்ட் நல்லா இருந்துச்சு சார்" என்றேன். அவர் சீட்டை மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

இப்போது உன் மனசில் என்ன ஓடும் என்று எனக்குத் தெரியும். அதனால் டாக்டரிடம் நானே கேட்டுவிட்டேன். ஏப்ரலில் வந்திருந்தாலும் இதேதானாம், அப்போதே முற்றிப்போயிருக்கும் என்றார். இதை நீ நம்ப வேண்டும்.

இனிப் பத்தியம் எதுவும் கிடையாது, பிடித்ததைச் சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டார்கள். எனக்குத்தான் எதுவும் பிடிக்கவில்லை.

உன் காதுக்கு மருந்து விடு.

உன் தம்பி

*

ஜூலை 10

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலமாக இருக்கிறேன்.

அந்தச் சீட்டைப் பலகையிலிருந்து எடுத்துவிட்டேன். என்ன ஆயிற்று என்று கேட்டார்கள், ஒன்றுமில்லை என்றேன். நான்கு நாளாக வேலைக்குப் போகவில்லை.

எவ்வளவு யோசித்தும் எழுத வரவில்லை. நீ ஓய்வெடு. எது பிடிக்கிறதோ அதை மட்டும் சாப்பிடு, பிடிக்காவிட்டால் விட்டுவிடு, யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். எண்ணெயைப் பற்றி இனி என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. எல்லாம் உன் விருப்பம். நான் உடனே புறப்பட்டு வரட்டுமா? உனக்குச் சிரமமாக இருக்கும் என்றால் பிறகு வருகிறேன். நீ எப்படிச் சொல்கிறாயோ அப்படி.

கடவுள் கைவிட மாட்டார்.

உன் அக்கா

*

ஜூலை 17

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதுகிற கை வாலுவுடையது, பேசுகிற வாய் என்னுடையது. கை நடுங்குகிறது, மற்றபடி கெட்ட பெயர் எடுக்கிற அளவுக்குத் தெம்பு இருக்கிறது. நீ சாப்பிடுகிறாயா?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, வேறு யாராவது எழுதியதோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். "உன் விருப்பம்" என்று எழுதியிருக்கிறாய். என் விருப்பத்தை நீ எந்தக் காலத்தில் கேட்டாய்?

அக்கா, ஆஸ்பத்திரியில் சேர்த்ததிலிருந்து எல்லோரும் என்னிடம் மெதுவாகப் பேசுகிறார்கள். பார்க்க வருகிற வாடிக்கைக்காரர்கள் துணி தாமதமானாலும் பரவாயில்லை என்கிறார்கள். பக்கத்துக் கட்டிலில் ரேடியோ சத்தத்தைக் குறைத்துவிட்டார்கள். இவள் என்னிடம் சண்டை போட்டு ஒரு மாதமாகிறது. நேற்று தேநீரை வேண்டுமென்றே படுக்கையில் கொட்டினேன். "பரவால்லை, விடுங்க" என்கிறாள்! எனக்குப் பயமாக இருக்கிறது. நீ ஒருத்திதான் எப்போதும் என்னை அதட்டி வைத்திருந்தாய். நீயும் இப்படி இறங்கிப் பேசினால் நான் போய்விட்டேன் என்று அர்த்தம்.

வியாழக்கிழமை என்னை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ என்னைப் பார்க்க வேண்டாம். ஆகஸ்ட் முதல் வாரம் வீட்டுக்கு வா, அதற்குள் முகம் மழித்து உட்கார்ந்திருப்பேன். அதுவரைக்கும் எனக்கு ஒரு கடிதம் எழுது. எண்ணெயைப் பற்றித்தான் எழுத வேண்டும். வழக்கம்போல நான்தான் எல்லாத் தப்பும் செய்தேன் என்று வைத்துக்கொண்டு எழுது. அடுத்த வருஷம் என்ன எண்ணெய், அதற்கடுத்த வருஷம் என்ன எண்ணெய், எல்லாம் வேண்டும்.

உன் குண்டு

*

ஜூலை 24

அடேய் குண்டு,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன், எனக்கு என்ன கேடு? உன் கடிதம் வந்த அன்றே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் அந்த ஆலிவ் எண்ணெய்க்கு வருகிறேன். ஏப்ரலில் அனுப்பினேன், இன்னும் திறக்கவில்லையாம். எங்கே வைத்திருக்கிறீர்கள்? ஜன்னலோரமாகத்தான் இருக்கும், உங்கள் குடும்ப லட்சணம் எனக்குத் தெரியும். எண்ணெய்க்கு வெயில் ஆகாது என்று உனக்கு எத்தனை தடவை சொல்வது? இன்றைக்கே எடுத்து அலமாரிக்குள் வை. உன் பெண்டாட்டிக்குச் சொல், தேநீரைக் கொட்டினால் முதுகில் ஒன்று வைக்கச் சொல்லி நான் அனுமதி கொடுத்திருக்கிறேன்.

அடுத்த வருஷம் நீ மறுபடி கடலை எண்ணெய்க்கு வருவாய். ஒரே எண்ணெயைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம், மாற்றி மாற்றி வாங்கலாம், அளவு மட்டும் நான் சொன்னதுதான். வாலுவின் கல்யாணத்துக்குச் சமையல்காரன் பெரிய சட்டியை வைத்துக்கொண்டு பழைய எண்ணெயில் பொரிப்பான். நீ பட்டு அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு சபையில் இளித்துக்கொண்டிருப்பாய். நான்தான் அடுப்படியில் நின்று அதைக் கொட்டச் செய்ய வேண்டும். ஐம்பத்தைந்தில் உனக்குத் திரும்பவும் தொந்தி விழும், அப்போது பொரியல் வாரத்துக்கு ஒரு நாள். அறுபதில் பேரப்பிள்ளைக்கு வாங்கியது என்று பொய் சொல்லி வறுவல் பொட்டலம் தின்பாய். நான் உன் சட்டைப் பையை முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிப்பேன். எழுபதில் உனக்கும் பல் இருக்காது, எனக்கும் இருக்காது. எந்த எண்ணெயில் பொரித்தாலும் கடிக்க முடியாது. அன்றைக்குத்தான் இந்தப் பேச்சு ஓயும்.

திட்டுவதாக நடிக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத நிஜமாகவே கோபம் வருகிறது. சீட்டை டாக்டரிடம் கொண்டுவரச் சொன்னால் எனக்கு எதற்கடா அனுப்பினாய்? நான் யார்? பிஸ்கட்டுக்கு எண்ணெய் பார்க்கிறவள். நான் வேண்டாம் என்று எழுதினால் உனக்கு எங்கே போயிற்று புத்தி? உன் பெண்டாட்டி பேச்சைக் கேட்டிருக்க வேண்டியதுதானே? வலிக்கிறது என்று ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த வரியில் ஏன் வேடிக்கை பேசினாய்? எனக்குக் காது கேட்காது என்று உனக்குத் தெரியாதா? இன்னும் பலமாகக் கத்தியிருக்க வேண்டாமா?

ஏப்ரலில் வந்திருந்தாலும் இதேதான் என்று நீ எழுதியதை நான் நம்பவில்லை. நம்பச் சொல்லி நீ கேட்டதால் நம்புகிறேன் என்று சொல்கிறேன், அவ்வளவுதான். உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று துள்ளிக்கொண்டு திரிந்தேனடா. தேநீர் வாங்கிக் கொடுத்தேன். நீ கரைந்துகொண்டிருந்ததற்குப் பச்சை முத்திரை போட்டேன். என்னை மன்னித்துவிடு என்று கேட்க மாட்டேன், நீ உடனே மன்னித்துவிடுவாய், அது எனக்கு வேண்டாம். வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன், அது மட்டும் போதும். நீ என் பிள்ளைடா. அம்மா உன்னை என் இடுப்பில்தான் வைத்தாள்.

ஆகஸ்ட் நான்காம் தேதி வருகிறேன். முகம் மழித்திருக்க வேண்டும்.

அக்கா

*

ஆகஸ்ட் 28

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

வணக்கம். நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்ததற்கு நீங்கள் போட்ட அட்டை வந்தது. நானும் வாலுவும் இருக்கிறோம். பாதி தைத்துக் கிடந்த துணிகளை வேறு ஒரு மாஸ்டரிடம் கொடுத்துவிட்டோம். கடையைப் பூட்டியிருக்கிறேன்.

காரியங்களுக்காக நீங்கள் இங்கே இருந்த நாட்களில் சமையலறைப் பக்கமே வரவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூட வாசலில் நின்று வாலுவைக் கேட்டீர்கள். நான் கவனித்தேன்.

கிளம்புகிற அன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏப்ரல்லயே போயிருந்தா பிழைச்சிருப்பானா? டாக்டர் நெஜமா என்ன சொன்னார்?" என்று கேட்டீர்கள். நான் உங்கள் பையை எடுத்து வண்டியில் வைத்தேன். இவ்வளவு நாள் யோசித்துப் பார்த்தேன். அவர் உங்களுக்கு என்ன எழுதினாரோ அதுதான் என் பதிலும். இதற்கு மேல் என்னிடம் கேட்க வேண்டாம்.

இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். உங்கள் கடைசிக் கடிதம் வந்த அன்று சாயங்காலம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான்தான் படித்தேன். சட்டைப் பையை முகர்ந்து பார்ப்பேன் என்ற இடத்தில் சிரிக்க ஆரம்பித்தார். எழுபதில் பல் இருக்காது என்று படித்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், வலிக்கிறது நிறுத்து என்று கையைக் காட்டினார். பிறகு, "போதும், மீதியை நாளைக்கு வெச்சுக்கலாம். ஒரே நாள்ல படிச்சா தீர்ந்து போயிடும்" என்றார். அப்படியே தூங்கிப்போனார். மறுநாள் கண் திறக்கவே இல்லை. உங்கள் கம்பெனிக்குப் போன் செய்து ஆள் மூலம் உங்களுக்குச் சொன்னது அன்றைக்குத்தான்.

அந்த மீதிப் பக்கங்களை நான் படிக்கவில்லை. வாலு கேட்டாள், கொடுக்கவில்லை. அதில் நீங்கள் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. திருப்பி அனுப்பவா, இங்கேயே இருக்கட்டுமா என்று ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
தம்பி மனைவி